பதிவாளரின் தொண்டை

சம்பந்தி வீட்டார் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதுமே பதிவாளர் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. இன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"இப்பதானே பால்காரரை அந்த அதட்டு அதட்டினீங்க?"

"சொன்னதைச் சொல்லு."

ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கே அவர் பதிவாளர்தான். அவர் எதிரில் யாரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. அவரைப் பார்த்து யாரும் சிரித்ததும் இல்லை. அந்த மரியாதைக்குத்தான் காலையில் ஆபத்து வந்திருந்தது. மகள் கைபேசியை அவர் காதருகே நீட்டி, "இதைக் கேளுங்களேன்ப்பா" என்றாள்.

ஏதோ பழைய கம்ப்யூட்டர் பேய்ப்பட விளையாட்டு. பாழடைந்த பங்களாவில் ஒருவன் மாட்டிக்கொள்கிறான். கதவைத் திறக்கட்டுமா, ஓடட்டுமா என்று படம் நின்று நின்று நம்மையே கேட்கிறது. எதைச் சொன்னாலும் அவன் செத்துப்போகிறான். கிணற்றில் விழுந்தாலும் சரி, பேய் கெக்கெக்கே என்று சிரித்துக் கழுத்தை நெரித்தாலும் சரி, அவனிடமிருந்து வருவது ஒரே ஒரு "ஆ". அதில் பயமும் இல்லை, வலியும் இல்லை. ரேஷன் வரிசையில் பெயர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல் ஓர் "ஆ".

"கேவலமா இருக்குல்ல? அதனாலதான்ப்பா நல்லா இருக்கு. அவருக்கு இதுன்னா உயிர். அவர் போன் அடிச்சாலே இந்த 'ஆ'தான் வரும்."

அவர் என்றால், மாப்பிள்ளையாக வரப்போகிறவர்.

அந்த "ஆ" பதிவாளருடையது. வேலைக்கு அலைந்த காலத்தில், ஒரு மத்தியானம், காற்றுப் புகாத ஓர் அறையில் தன்னந்தனியாக நின்று அந்தப் படத்துக்குக் குரல் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அன்றாடம் கேட்கிற குரலை வீட்டில் யாரும் உற்றுக் கேட்பதில்லை. ஆனால் அதையே உயிராகக் கேட்கிறவர் கண்டுபிடிக்காமல் விடுவாரா? பெண்ணைப் பெற்றவரே ஊர் சிரிக்கிற ஆள் என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தம் நிற்குமா?

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மெல்லச் சொல்லிப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. "ஆ" அப்படியே இருந்தது.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இவருக்குப் பல்வலி. வாயைத் திறக்க மாட்டார்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இவருக்குத் தொண்டைக்கட்டு" என்றாள் பதிவாளரின் மனைவி.

"எத்தனை நாளா அண்ணி?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனைவி தடுமாறினாள். "அது... ரொம்ப நாளா."

பதிவாளர் முறைத்தார். சொன்னது போதவில்லை போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"சாப்பாடுகூட இறங்க மாட்டேங்குது."

அப்போது பதிவாளர் வாயில் இரண்டாவது பிஸ்கட் இருந்தது. அவசரமாக விழுங்கினார். புரையேறிக் கண் பிதுங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா டீயைக் கீழே வைத்தார். "நான் தொண்டை வார்டுலதான் நர்ஸா இருந்தேன். இதை இப்படியே விடக்கூடாது. கண்ணு, ஒரு ஸ்பூன் கொண்டா."

மகள் ஓடினாள். பதிவாளர் எழுந்து விறுவிறுவென்று பால்கனிக்குப் போனார். அதற்கு அப்பால் போக வழியில்லாததால் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்கண்ணே. வாயைத் திறந்து 'ஆ' சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். உதவிக்குச் சம்பந்தியைப் பார்த்தார். அவர் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன திமிர் என்று பதிவாளருக்கு உள்ளுக்குள் எரிந்தது.

"அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. பெரிய வியாதி ஏதாவது இருந்து எங்ககிட்ட மறைக்கிறீங்களா?"

மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். மகளின் கண் கலங்கியது.

"ஒரே ஒரு 'ஆ'தானேப்பா?"

வாயைத் திறந்தால் கேலி. மூடினால் வியாதியை மறைத்துப் பெண் கொடுக்கப் பார்த்த குடும்பம் என்ற பேச்சு. பதிவாளர் வாயைத் திறந்தார்.

"ஈ."

"ஈ இல்லண்ணே, ஆ."

"ஓ."

நர்ஸம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்பூனால் நாக்கை அழுத்தினார்.

"ஆ."

மாப்பிள்ளை சட்டென்று தன் சட்டைப்பையிலிருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவில்லை. மெதுவாகத் தலையை உயர்த்தினார்.

"மாமா..."

"அப்பா, அது நீங்களா?" என்றாள் மகள்.

பதிவாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆமா, நான்தான். வேலையில்லாத காலத்துல வாங்கிக்கிட்ட அவமானம். சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிங்க. என் பொண்ணுக்கு இதுல சம்பந்தமில்ல. அதுக்காக அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். செருப்பு கிடந்த வாசல் பக்கம் போகாமல், நேராகப் பதிவாளரிடம் வந்து அவர் தோளைப் பிடித்தார். அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று பதிவாளருக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

நர்ஸம்மா ஸ்பூனைத் தட்டில் வைத்தார்.

"இவருக்குப் பல்வலியும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. இவரும் குரலைத்தான் மறைச்சார். அதுல உங்களை அத்தனை தடவையும் கொன்ன பேய் இவர்தான்."