இருபத்தாறில் நாலு போக

வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதிலும் கையில் துண்டுப்பிரசுரம் வைத்துக்கொண்டு சிரிக்கிறவர்களை அறவே நம்புவதில்லை. அந்த மாகாணத் தேர்தல் காலத்தில் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பதினேழு பேர் சிரித்தார்கள். (எண்ணினேன். ஊரில் கணக்குப் படிப்பித்தவன். இங்கே வந்து மிசிசாகாவில் விமானச் சரக்குக் கிடங்கில் ஓய்வுபெறும் வரை பெட்டி எண்ணியவன். இப்போது எண்ணுவதற்குப் பெட்டி இல்லாததால் அகப்பட்டதை எல்லாம் எண்ணுகிறேன்.)

பதினாறு பேரை வாசலோடு அனுப்பிவிட்டேன். பதினேழாவது ஆள் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். துவாயோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தால், ஒரு பெண் வேட்பாளர் எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். எதிரே என் மனைவி மலர். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

துவாயோடு நின்ற ஒருவனைக் கண்டால் யாரும் சிரிப்பை நிறுத்துவார்கள், அல்லது இன்னும் கூடச் சிரிப்பார்கள் என்று இப்போது விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: இந்த வீட்டுக்குள் ஏதோ ஒரு சதி நடக்கிறது.

சதியைச் சொல்வதற்கு முன் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்துத் தமிழர் ஒரு இடத்தில் சேர்ந்தால் சங்கம் ஒன்று பிறக்கும். சங்கம் பிறந்தால் அதற்கு விதிகள் எழுதிய யாப்பு ஒன்று வேண்டும். எங்கள் பகுதி மூத்தோர் சங்கத்தின் யாப்பை எழுதியவன் நான். அதன் தலைவராகப் பதினொரு வருடம் போட்டியின்றித் தெரிவு செய்யப்பட்டவனும் நான். (போட்டியிட வந்த ஒருவரிடம் யாப்பை முழுதாக வாசித்துக் காட்டினேன். அவர் அரைவாசியிலேயே விலகிக்கொண்டார்.)

அந்த யாப்பில் எனக்கு மிகவும் பிடித்த வரி: ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு.’ நடைமுறையில் கணவன் கையை உயர்த்துவார், மனைவி ரோல்ஸ் தட்டோடு வருவார். பெண்கள் நிர்வாகக் குழுவில் இல்லை. வாக்கும் இல்லை. யாரும் முறையிட்டதாக எனக்கு நினைவில்லை, மலரைத் தவிர.

மலர் முறையிட்டதற்குக் காரணம் பரமேஸ்வரி அக்கா. அவருடைய கணவர் காலமானபோது குடும்பத்தின் அங்கத்துவமும் அவரோடு போய்விட்டது என்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அக்கா கூட்டங்களுக்கு விருந்தாளியாகத்தான் வருவார். கடைசி வரிசையில், கதவோரக் கதிரையில் இருப்பார்.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசியை என்னெண்டு விருந்தாளி எண்டு சொல்லுவியள்? சங்கம் துவங்கின நாள் துவக்கம் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினது அவ.”

“குடும்பத் தலைவர் இல்லையப்பா. நான் என்ன செய்ய?”

“அப்ப நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா நானும் விருந்தாளியோ?”

“அதை அடுத்த கூட்டத்தில பாப்பம்.”

(தன்னுடைய மரணத்தையே அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்த தலைவர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.)

மூன்று கூட்டங்களுக்கு அப்படி ஒத்திவைத்தேன். பிறகு மலர் கேட்பதை நிறுத்திவிட்டார். விட்டது தொல்லை என்று நினைத்தேன்.

துவாய்ச் சம்பவத்துக்குப் பிறகுதான் தொலைபேசிக் கதைகள் என் காதில் விழத் தொடங்கின. மலர் குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கதைப்பார். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல அந்தப் பக்கம் போவேன். ஒருநாள் அப்படி நாலாவது தம்ளர் தண்ணீர் குடிக்கும்போது தெளிவாகக் கேட்டது:

“ஓம், ஓம். இருபத்திரண்டு இருந்தாக் காணும். அவருக்கு மட்டும் விசயம் மணக்கக்கூடாது.”

இருபத்திரண்டு! என்ன இருபத்திரண்டு? அந்த வேட்பாளருக்கு இருபத்திரண்டு வாக்குச் சேர்த்துக் கொடுக்கிறாரா? இருபத்திரண்டு வீட்டுப் புல்லுக்கு மேல் அவருடைய விளம்பரப் பலகை முளைக்கப் போகிறதா? அன்றிரவு முழுவதும் அந்த எண்ணைப் பெருக்கினேன், பிரித்தேன். இரண்டால் பிரிந்தது, பதினொன்றால் பிரிந்தது. பயன் ஏதும் இல்லை.

ஆகவே பொறி ஒன்று வைத்தேன். சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு எங்கள் தொகுதியின் மூன்று வேட்பாளர்களையும் அழைப்பது. மேடையில் ஏற்றி ஒரு இக்கட்டான கேள்வி கேட்பது. அந்தப் பெண் வேட்பாளர் பதில் சொல்லும்போது மலரின் முகத்தைக் கவனிப்பது. மண்டபத்துக்கு இரண்டு தடவை வாடகை கட்ட மனமில்லாததால் இரண்டையும் ஒரே கூட்டமாக வைத்தேன். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்த, யாரும் எதையும் கிளப்பக்கூடிய ‘வேறு விடயங்கள்’ என்பதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ‘வேட்பாளர்களுடன் சந்திப்பு’ என்று போட்டேன். அதைக் காட்டியபோது மலரின் முகம் ஒரு கணம் வாடியது. ஆகா, பட்டது அடி என்று சந்தோசப்பட்டேன்.

பிறகு அவராகவே கேட்டார். “அவையளிட்ட என்ன கேக்கப் போறியள்?”

“இன்னும் யோசிக்கேல்ல.”

“பெண்களின்ர சமத்துவத்தைப் பற்றிக் கேளுங்கோவன். அதைத் தெளிவா எழுதுறதுக்கு ஒரு திருத்தம் வந்தா ஆதரிப்பினமோ எண்டு.”

நல்ல கேள்விதான். இந்த நாட்டின் அரசியலமைப்பைத் திருத்துவதென்றால் மாகாணசபைகளின் சம்மதமும் வேண்டும். ஆகவே வேட்பாளர்கள் தப்பமுடியாது. ‘அரசியல் யாப்பில் பெண்களின் சமத்துவத்தை உறுதிசெய்யும் திருத்தத்தை ஆதரிப்பவர்கள்’ என்று எழுதினேன். மலர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“‘அரசியல்’ என்னத்துக்கு? நீட்டாக் கிடக்கு. யாப்பு எண்டாலே எங்கட சனத்துக்கு விளங்கும்.”

வெட்டினேன். சொல்லில் சிக்கனம் எனக்குப் பிடிக்கும்.

கூட்டத்தன்று மண்டபத்தின் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், மேடையில் மூன்று வேட்பாளர்கள். யாருக்கும் தமிழ் தெரியாது. ‘வணக்கம்’ மட்டும் தெரியும். அதை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். கேள்வியை முதலில் ஆங்கிலத்தில் கேட்டேன்.

முதலாமவர் உயரமான மனிதர். சமத்துவம் அரசியலமைப்பில் ஏற்கெனவே இருக்கிறதே, பூசி உலர்ந்த சுவருக்கு ஏன் மறுபடியும் பெயின்ற் என்று கேட்டார். ஆதரிப்பாரா, எதிர்ப்பாரா? சொல்லவில்லை. இரண்டாமவர் தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்றார். அவர்களுடைய வயது, படிப்பு, நீச்சல் எல்லாம் சொன்னார். கடைசியில் பேருந்துகள் நேரத்துக்கு வருவதில்லை என்று முடித்தார். மூன்றாமவர்தான் எங்கள் வீட்டுத் தேத்தண்ணீர்க்காரி. இருக்கிற சொற்கள் போதாவிட்டால் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களிப்பேன், ஆனால் முதலில் அதன் வசனத்தைப் பார்க்கவேண்டும் என்றார். ‘ஆனால்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் என் சந்தேகம் எழுந்து உட்கார்ந்தது. மலரைப் பார்த்தேன். அவர் வேட்பாளரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் போய்விடும். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தாளில் இருந்ததைத் தமிழில் உரக்க வாசித்தேன்:

“யாப்பில் பெண்களின் சமத்துவத்தை உறுதிசெய்யும் திருத்தத்தை ஆதரிப்பவர்கள்! ஓமோ, இல்லையோ? கதை வேண்டாம். கையை உயர்த்துங்கோ!”

முதலில் மலர் கையை உயர்த்தினார். அதைத் தொடர்ந்து இடப்பக்கம் முழுவதும் கைகள் எழுந்தன.

நான் கேட்டது வேட்பாளர்களை. ஆனால் இதுவும் நல்லதுதான், சனத்தின் பலம் எவ்வளவு என்று இவர்கள் காணட்டும் என்று நினைத்தேன். அதோடு, உயர்ந்த கையைக் கண்டால் என்னால் எண்ணாமல் இருக்கமுடியாது. எண்ணத் தொடங்கினேன். களவாக இரண்டு கை சேர்ந்துவிடுமோ என்ற பயத்தில் மிகக் கண்டிப்பாக எண்ணினேன். நடராசா அண்ணையும் மனைவியும் ஒன்றாகக் கை உயர்த்தியிருந்தார்கள்.

“நடராசா அண்ணை! குடும்பத்துக்கு ஒண்டு. ஒரு கையை இறக்குங்கோ.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடராசா அண்ணை இறக்கினார். (ஐம்பது வருடம் குடித்தனம் நடத்திய மனிதர். எந்தக் கை இறங்கவேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.)

மேடையில் இருந்த வேட்பாளர்கள் இதைப் பார்த்தார்கள். என்ன விடயம் என்று தெரியாது. ஆனால் சனம் கை உயர்த்துகிறது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே தங்கள் கைகளையும் உயர்த்தினார்கள்.

கடைசி வரிசையில், கதவோரக் கதிரையில் ஒரு கை. பரமேஸ்வரி அக்கா.

“மொத்தம் இருபத்தாறு,” என்று ஒலிவாங்கியில் அறிவித்தேன். “இதில வேட்பாளர் மூண்டு பேர், விருந்தாளி ஒராள். அங்கத்தவர் அல்லாதோர் நாலு பேரின்ர கை செல்லாது. இருபத்தாறில் நாலு போக, இருபத்திரண்டு.”

சொன்ன பிறகுதான் அந்த எண் என் காதில் விழுந்தது.

செயலாளர் குலசிங்கம் எழுந்தார். தானாக எதையும் சொல்லாதவர், கேட்டால் சரியாகச் சொல்பவர். “தலைவர், சங்கத்தில குடும்பம் முப்பத்து மூண்டு. திருத்தத்துக்கு மூண்டில ரெண்டு பங்கு வேணும். இருபத்திரண்டு சரி. நிறைவேறினதா எழுதட்டோ?”

முப்பத்து மூன்றில் மூன்றில் இரண்டு பங்கு. ஆறாம் வகுப்புக் கணக்கு. இரவு முழுவதும் அந்த எண்ணைப் பெருக்கிப் பிரித்தவனுக்கு இது தோன்றவில்லை.

“எந்தத் திருத்தம்? உது அவையளிட்டக் கேட்ட கேள்வி!”

“தமிழிலயெல்லோ கேட்டனீங்கள். அவையளுக்குத் தமிழ் தெரியாதே.”

“பொதுக்கூட்டம் முடிஞ்சுது!”

“வாடகை மிச்சம் எண்டு நீங்கள்தானே ஒரே கூட்டமா வைச்சனீங்கள். இன்னும் முடிச்சு வைக்கேல்ல.”

அப்போது மலர் எழுந்து நின்றார். நாற்பத்தாறு வருடமாக என்னை ‘இஞ்சேருங்கோ’ என்று கூப்பிட்ட வாயால் சொன்னார்:

“தலைவர் அவர்களே.”

“என்னப்பா?” என்றேன், ஒலிவாங்கியில். மண்டபம் சிரித்தது.

“இனிமேல் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி அங்கத்துவம், தனித்தனி வாக்கு. இதுதான் திருத்தம். மூண்டு கூட்டமாக் கேட்டிருக்கிறன், எல்லாருக்கும் தெரியும்.”

“ஆனா வாக்குப் போடவேண்டியது குடும்பத் தலைவரெல்லோ!”

“எந்தப் பிரிவில இருக்கு?”

யாப்பு எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பிரிவாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கும் இல்லை. ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு’ என்று மட்டுமே எழுதியிருந்தேன். யார் போடுவது என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறேன். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது யாப்பில் எழுதுவார்களா?

“எங்கட வீட்டு வாக்கை நான் போட்டிட்டன்,” என்றார் மலர். “நடராசா அண்ணை வீட்டில மனுசியின்ர கையை நீங்களே எண்ணிட்டியள்.”

“நான் ஒண்டும் சொல்லேல்ல, தம்பி,” என்றார் நடராசா அண்ணை, ரோல்ஸை மென்றபடி.

பெண் வேட்பாளர் என்ன நடக்கிறது என்று குலசிங்கத்திடம் விசாரித்தார். அவர் விளக்கியதும் எழுந்து நின்று கை தட்டினார். இப்படி ஒரு வேகத்தைத் தன்னுடைய அரசியல் வாழ்க்கையில் கண்டதில்லை என்றார். மற்ற இருவரும் தட்டினார்கள். இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன் கண்ணைக்கூடத் துடைத்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

தேத்தண்ணீர் வேளையில் பரமேஸ்வரி அக்கா தட்டோடு என் முன்னால் வந்து நின்றார். வழமைபோல ஊற்றிக் கொடுத்தார். “தம்பி, இனி என்னையும் எண்ணுவியளோ?” என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை.

“இருபத்து மூண்டு, அக்கா,” என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் கேட்டேன். “அப்ப அந்தப் பொம்பிளை எங்கட குசினியில என்ன செய்தவ?”

“மழையில நனைஞ்சு வந்த பிள்ளை. தேத்தண்ணி குடுத்தன். எந்தக் கட்சியெண்டுகூட நான் கேக்கேல்ல.”

மாகாணத் தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “அது என்ர வாக்கு” என்பதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

அடுத்த வருடத் தெரிவில் பன்னிரண்டு வருடத்தில் முதல்தடவையாக எனக்குப் போட்டி வந்தது. என்னை எதிர்த்து நின்றது யார் என்று சொல்லத் தேவையில்லை. கைகளை எண்ணியவனும் நானே. மூன்று தடவை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் தோற்றேன். இப்போது சங்கத்தில் எனக்கு ஒரு பதவிதான் உண்டு: கை எண்ணுபவர். கடைசி வரிசையிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன்.

வீட்டில் இந்தக் கதை இன்னும் ஓயவில்லை. பீற்சாவா, இடியப்பமா என்று பிரச்சினை வந்தால் பேத்தி எல்லாரையும் கை உயர்த்தச் சொல்வாள். பிறகு என் பக்கம் திரும்புவாள். “அம்மப்பா, யூ கவுண்ட். பட் மைனஸ் ஃபோர் போடக்கூடாது, ஓகே?” மகள், மருமகன், மலர் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் எண்ணுவேன். எண்ணாமல் இருக்கமுடியாதே.

ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. அந்த ‘அரசியல்’ என்ற சொல்லை மலர் வெட்டச் சொன்னது நீளம் கருதியா, அல்லது வேண்டுமென்றா? இதை இதுவரை ஒன்பது தடவை கேட்டுவிட்டேன். போன கிழமையும் சங்கக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“கையை உயர்த்துங்கோ,” என்றார் தலைவர். “முறை வரேக்க கூப்பிடுறன்.”