அண்டாவில் வெந்த வேர்

அண்டா கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் அரிவாள்மனையோடு உள்ளே வந்தது இனிகோவுக்கு நல்லதாகப் படவில்லை.

"என்னா தம்பி, விசேஷமா? வெங்காயம் எங்க?"

அந்தத் தெருவில் யார் வாசலில் அண்டா ஏறினாலும் அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். வந்து நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். இது தெரியாமல்தான் இனிகோ அண்டாவை ஏற்றிவிட்டான்.

உள்ளே வெந்துகொண்டிருந்தது ஒரு புளியமர வேர். தென்பெண்ணைக் கரையில் பொறுக்கி, சோப்பு போடாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சாயம் இறங்கவும் தண்ணீரில் மூழ்கவும் வேகவைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் மனைவி அருள்ராணியின் மீன்தொட்டிக்காக.

கம்பைநல்லூருக்குக் குடிவந்ததிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு ஆள் வந்ததில்லை. அருள்ராணி தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். "எம்பேச்சு இதுக்கும் அலுத்துப்போச்சுங்க. நான் எங்கம்மா வூட்டுக்கே போயிடறேன்" என்று போன வாரம் சொல்லிவிட்டாள். சக்கர் மீனுக்குக் கட்டையைச் சுரண்டப் பிடிக்கும் என்று இனிகோ எங்கோ படித்திருந்தான். மீனுக்கு மனம் ஒத்துப்போனால் மனைவியும் இருந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. வேறு கணக்கு அவனுக்குத் தெரியவில்லை, பாவம்.

கட்டை வேகவைக்க யார் சோற்று அண்டா தருவார்கள்? பாத்திரக் கடை தர்மனிடம் "வூட்ல விசேஷம்ங்க" என்று சொல்லி வாங்கி வந்திருந்தான்.

"விசேஷமெல்லாம் இல்லக்கா. வெறும் சுடுதண்ணி."

"அப்ப உலை வெச்சாச்சு. அரிசிதான் பாக்கி. நான் கொண்டாறேன்" என்று குள்ளம்மாள் எழுந்தாள்.

இனிகோ பதறினான். "சமையல்காரர் இன்னும் வரலைங்கக்கா. அவர் வந்துதான் மூடியத் தொறக்கணும்."

கால் மணி நேரத்தில் எதிர்வீட்டு மாதவராஜ் தோளில் துண்டோடும் கையில் பெரிய கரண்டியோடும் வந்து நின்றார். "சமையலுக்கு ஆளு வரலியாமே. நான் எதுக்குங்க இருக்கேன்? கொஞ்சம் நவுருங்க."

இனிகோ மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான். சூடு தாங்கவில்லை. "தொறக்கக் கூடாதுங்க. இது, வந்து, அந்தோணியாருக்கு நேர்த்தி."

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. நேர்த்திச் சாப்பாட்டுக்கு உதவுவது புண்ணியம். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றி வந்த, அதே தெருத் தெரசாவின் வண்டி வாசலிலேயே நின்றது. இன்னொரு அண்டா வந்தது, வாழையிலை வந்தது, யார் வீட்டுப் பூசணியோ வந்தது. கட்டை ஒரு பக்கம் வேக, சாம்பார் ஒரு பக்கம் கொதித்தது.

மானம் போகப்போகிறது, அதோடு அருள்ராணியும் போகப்போகிறாள் என்று பயந்துகொண்டே இனிகோ அவளைத் தேடினான். அவள் கொல்லையில் நாலு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவன் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. அவனுக்குக் கண் கலங்கியது.

"ஏங்க, மோர் பத்தாதாம். வாங்கியாங்க" என்றாள், வீட்டுக்காரியின் அதிகாரத்தோடு.

பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போடும்போது இனிகோவால் பொறுக்க முடியவில்லை. குள்ளம்மாள் முன்னால் போய்க் கைகூப்பினான்.

"அக்கா, மன்னிச்சுடுங்க. நேர்த்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த அண்டாவுல இருக்கறது மீன்தொட்டிக்குக் கட்டை. ஆனா நீங்கல்லாம் வந்தீங்களே, அதுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்னு தெரியலைங்க."

குள்ளம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"நீங்க வெறகெடுக்கத் திரும்புனப்பவே மூடியத் தூக்கிப் பாத்துட்டேன் தம்பி, கட்டைதான் வேகுதுன்னு தெருவுக்கே சொன்னதும் நான்தான், நீங்க குடிவந்த நாள்லருந்து இந்த வூட்டுக்குள்ள வர எங்களுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு."