பித்தப்பையும் மூன்று நாலும்

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு செய்யும் சத்தியம் செல்லாது என்று ஒரு சட்டம் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நம்ம போர்டுக்காரர் தப்பித்திருப்பார்.

"நான் மட்டும் பொழைச்சு வெளியே வந்தேன்னா, நம்ம வீடு முழுக்க என் கையால பெயின்ட் அடிச்சுத் தரேன். இது சத்தியம்!" என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார். நர்ஸ் கேட்டாள். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கேட்டார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்கூட ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தக் கலர் சார்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் போர்டுக்காரர் மயங்கிவிட்டார்.

இந்தச் சத்தியத்துக்குப் பதினோரு வருஷத்துச் சரித்திரம் உண்டு. ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கையெழுத்துதான். எந்த எழுத்தைக் காட்டினாலும் அச்சு அசலாக எழுதிவிடுவார். ஆனால் சொந்த வீட்டுச் சுவர் மட்டும் என்ன நிறம் என்று கட்டியவனுக்கே மறந்துபோயிருக்கும். மனைவி கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு. ஒரு வருஷம் தோள்வலி. ஒரு வருஷம் வெயில். மற்ற வருஷங்களில் மழை வந்து காப்பாற்றியது. ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும் என்று அவர் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வருத்தம் இருக்கும்.

மனைவி ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குள் அவரும் பல சமயம் அவளுடைய மாணவன் மாதிரிதான் நடந்துகொள்வார்.

பித்தப்பை விஷயம் ஒரு ஹோட்டல் திறப்பு விழாவில் ஆரம்பித்தது. போர்டு எழுதிக் கொடுத்த மரியாதைக்கு அவரை உட்காரவைத்து, எண்ணெயில் பொரிக்க முடிந்த எல்லாவற்றையும் பொரித்துப் போட்டார்கள். இவரும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி வலி. அது முதுகைச் சுற்றி வலது தோளுக்கு ஏறியது. "வாயுதான்" என்று மூன்று சோடா குடித்தார். மூன்றும் வந்த வழியே திரும்பின.

ஸ்கேன் எடுத்த பிறகு சர்ஜன் அம்மா படத்தைக் காட்டினார்.

"பித்தப்பையில பதினேழு கல் இருக்கு."

"பதினேழா?" போர்டுக்காரரின் குரலில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. "மாத்திரையில கரைச்சுடலாமா டாக்டர்?"

"இப்படி வலி வந்த பிறகு பையோட எடுத்துடறதுதான் நல்லது. விட்டா ஒரு கல் குழாய்ல போய் அடைச்சுக்கும். மஞ்சள் காமாலை, சீழ்னு பெரிய வம்பாயிடும்."

"பையே இல்லாம மனுஷன் எப்படி டாக்டர் இருக்கறது?"

"பித்தநீரைச் சுரக்கிறது கல்லீரல். இந்தப் பை அதைச் சேர்த்து வைக்கிற டப்பா, அவ்வளவுதான். டப்பா போனா பித்தநீர் நேரா குடலுக்கு இறங்கிடும். கொஞ்ச நாளைக்குக் கொழுப்பு சாப்பிட்டா வயிறு கலக்கும். அப்புறம் உடம்பு பழகிடும்."

டீச்சர் அக்கறையாகக் கேட்டாள். "பித்தப்பையை எடுத்துட்டா இவரோட பித்தும் போயிடுமா டாக்டர்?"

"அது வேற டிபார்ட்மென்ட்மா."

அன்று மாலை எதிர்வீட்டு டிரைவர் அண்ணன் ஆறுதல் சொல்ல வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர். சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா தம்பி, ஒரு சாண் நீளம். தார்ப்பாயைத் தைக்கிற மாதிரி தைச்சானுங்க. ரெண்டு மாசம் படுத்த படுக்கை!"

போர்டுக்காரருக்கு ஒரு சாண் மட்டும்தான் அப்போது காதில் விழுந்தது. ஸ்ட்ரெச்சரில் அவர் அலறியது அந்த ஒரு சாணை நினைத்துத்தான்.

கண் விழித்துப் பார்த்தால் வயிற்றில் நாலு சின்ன ஓட்டை. சட்டைப் பட்டன் அளவு பிளாஸ்திரி. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டதாம். சாயங்காலமே எழுப்பி வராந்தாவில் நடக்கவிட்டார்கள். வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது.

"ஓட்டை போட்டது வயித்துல. தோள்பட்டையை ஏன் உடைச்சாங்க?" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனார்.

"உள்ளே இடம் தெரியறதுக்காகக் காத்தடிச்சு வயித்தை உப்பவைப்பாங்க சார். மிச்சக் காத்து அங்கே வலிக்கும். நடங்க, ரெண்டு நாள்ல போயிடும்."

மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போர்டுக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்தச் சுண்டைக்காய் ஆபரேஷனுக்கா வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்கச் சத்தியம் செய்தோம்? ஒரு சாண் வெட்டியிருந்தாலாவது மனசு ஆறும்.

டீச்சர் மாத்திரை வாங்கப் போயிருந்தாள். அவர் மடியில் ஆஸ்பத்திரித் தாள் கிடந்தது. அச்சடித்த வரிகள், நடுவில் காலி இடம், அதில் சர்ஜன் அம்மா நீல மையில் கோழி கிண்டியது போல் நிரப்பியிருந்தார். முதல் வரி: 'முழு ஓய்வு: 1 வாரம்.'

ஒரு வாரம்! மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. நாலு வாரம் படுத்துவிட்டால் மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் அடுத்த வருஷம்தான். டிரைவர் அண்ணன் ரெண்டு மாசம் படுத்தாரே! போர்டுக்காரரின் சட்டைப் பையில் நீலப் பேனா இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு, ஒரு குறுக்குக்கோடு. ஒன்று நாலாகிவிட்டது.

இங்கேதான் தொழில்புத்தி குறுக்கே வந்தது. பலகை எழுதுகிறவர்களுக்கு எழுத்தின் வடிவம்தான் கண்ணில் படும், அர்த்தம் படாது. முன்பு ஒரு டயர் கடைக்காரர் வாசகத்தை எழுதிக் கொடுத்து, கீழே ஒரு குறிப்பும் வைத்திருந்தார். போர்டுக்காரர், 'டயர், டியூப் சர்வீஸ். டயர் மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்' என்று மொத்தத்தையும் எழுதி மாட்டிவிட்டு வந்தார். ரெண்டு நாள் தொங்கியது.

அதே கண்ணால் தாளைப் பார்த்தார். மேலே ஒரு நாலு. அதற்கு நேர்கீழே இன்னும் இரண்டு ஒன்று. வரிசை கெட்டுப்போய் இருந்தது. பார்த்தவுடன் சந்தேகம் வரும். ஒரு பலகையில் எழுத்தெல்லாம் ஒரே ஜாதியாக இருக்க வேண்டாமா? அந்த ஒன்றுகளையும் நாலாக்கினார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

ஆட்டோவில் டீச்சர் தாளைப் படித்தாள். ஒரு தரம் அவரைப் பார்த்தாள்.

"நாலு வாரமா?"

"நானா சொல்றேன்? தாள்ல இருக்கு," என்றார் போர்டுக்காரர், முனகலோடு.

"பெயின்ட்?"

"அடிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

முதல் வாரம் சொர்க்கம். கட்டில், தலையணை, பேப்பர். இரண்டு நாளில் தோள்வலி போனது. வேகவைத்த காரட்டும் பீன்ஸும் வந்தன. நோயாளி என்றால் அப்படித்தான் என்று விழுங்கினார். எட்டாம் நாள் சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் மறுபடி காரட், பீன்ஸ்.

"என்னம்மா இது, ஒரு வாரம் ஆச்சே? கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளிக்கலாமே!"

"ஐயையோ! 'எண்ணெய், நெய், வெண்ணெய் இல்லாத உணவு: 4 வாரம்.' நானா சொல்றேன்? தாள்ல இருக்கு."

போர்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் தடவையாகப் படித்தார். தேள் கொட்டிய மாதிரி இருந்தது. வெளியே சொல்ல முடியாதே!

"மூணாவது வரியையும் படிங்க. முதல் வாரம் தையல் பச்சையா இருக்கேன்னு நானே உங்களைக் குறைச்சு நடக்க வெச்சேன். பெரிய தப்பு."

'மெதுவான நடை: தினம் 4 வேளை.'

"முழு ஓய்வு, நாலு வேளை நடை, ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா நடக்கும்?"

"அவ்வளவு படிச்ச டாக்டர் யோசிக்காமலா எழுதியிருப்பாங்க?"

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. காலையிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் டீச்சர் கூட நடப்பாள். பள்ளிக்கூட நேரத்து இரண்டு நடைக்கு டிரைவர் அண்ணனை நியமித்தாள். பழைய பரீட்சை நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுக் கொடுத்து, நடந்தால் டிக், நடக்காவிட்டால் பெருக்கல் குறி போடச் சொன்னாள்.

"அண்ணே, ஒரு வேளைக்குச் சும்மா டிக் போட்டுடுங்களேன்," என்று மாடிப்படியில் கெஞ்சினார் போர்டுக்காரர்.

"ஆகாது தம்பி. என் பேரனுக்கு அவங்கதான் கிளாஸ் டீச்சர். எடு வண்டியை!"

இரண்டாம் வாரம் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மூன்றாம் வாரம் கனவில்கூட காரட் வந்தது. உடம்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. நோயாளி மாதிரி முனகுவதற்கே தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மழைக்காக வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. உருளைக்கிழங்கு வறுவல். ஓரம் கருகக் கருக, எண்ணெய் மினுமினுக்க, ஒரு தட்டு நிறைய. டீச்சர் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகக் கடித்தாள். மொறுமொறு என்று சத்தம் கேட்டது.

"என் எதிர்லயே சாப்பிடறியே, உனக்கு மனசே இல்லையா?"

"மனசு இருக்கோ இல்லையோ, எனக்குப் பித்தப்பை இருக்கு."

அணை உடைந்தது.

"ஒரு வாரம்தான்! எண்ணெய் வேண்டாம்னது ஒரே ஒரு வாரம்தான்! ஒண்ணை நாலாக்கினது நான்தான், போதுமா? அந்தத் தட்டை இப்படித் தள்ளு!"

டீச்சர் இன்னொரு துண்டை எடுத்தாள். "தெரியும்."

"எப்போ?"

"ஆட்டோலயே. இருபது வருஷமா பசங்க ப்ராக்ரஸ் கார்டுல ஒண்ணை நாலாக்கறதைப் பார்த்துட்டு வரேன். அதுல அழிச்ச தடம் இருக்கும். உங்களுதுல தடமே இல்லை. ஆனா அந்தத் தாள் பூரா கோழி கிண்டின எழுத்து. அழகா இருந்தது அந்த மூணு நாலும்தான்."

போர்டுக்காரருக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

டீச்சர் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க சத்தியம் பண்ணிட்டு உள்ளே போயிட்டீங்க. நான் வாசல்ல நின்னேன். அந்த ஒரு மணி நேரமும் பெயின்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், மனுஷன் வந்தாப் போதும்னு நின்னேன். வந்தவர் மறுநாளே என்கிட்ட கோல்மால் பண்றார். அன்னிக்குச் சாயங்காலமே டாக்டருக்கு போன் பண்ணினேன். அதிகமா நடந்தா நல்லதுதான், எண்ணெய் இல்லைன்னா நல்லதுதான், மூணு வாரம் கழிச்சு ஏணியில ஏறலாம்னு சொன்னாங்க."

போர்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "தப்புதான்மா," என்றார். டீச்சர் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். கண்ணில் நீர் வர மூன்று துண்டு தின்றார்.

"மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கு," என்றாள் டீச்சர்.

"நாளைக்கே ஆரம்பிக்கறேன். சின்ன வீடுதானே, ஒரு பூச்சு, மூணு நாள்ல முடிச்சுடறேன்."

அவள் எழுந்து போய்ப் பெயின்ட் கடைச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைக்காரர் நீல மையில் எழுதியிருந்தார். ஹால், படுக்கையறை, சமையலறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பூச்சு என்ற கணக்கு. மூன்றும் நாலு. மூன்றிலும் சாய்கோடும் குறுக்குக்கோடும் மட்டும் சிவப்பு மையில், கோணல்மாணலாக இருந்தன.

"இது... நாலு பூச்சா? எந்த வீட்டுக்கும்மா நாலு பூச்சு அடிக்கறாங்க?"

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"நானா சொல்றேன்? தாள்ல இருக்கு."