கண் தெளிவான கால்குலேட்டர்

பேசாத பொம்பளை என்று பேர் வாங்கியவள் கடைசிவரை பேசாமல் இருந்துவிடுவதே எல்லோருக்கும் நல்லது. நான் ஒரு நாள் வாயைத் திறந்தேன். ஒரு பிள்ளையின் பரீட்சை போயிற்று.

என் தம்பி மகள் ஜெனி. திருவனந்தபுரத்தில் வெளிநாட்டுப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. தம்பியும் அவன் மனைவியும் கல்ஃபில் இருப்பதால் லீவுக்கு என்னிடம்தான் வருவாள். பரீட்சைக்கு முந்தின லீவில் வந்தவள், பெரிய கணக்குப் பரீட்சைக்குக் கோடு வரைந்து காட்டுகிற கால்குலேட்டர் வேண்டும் என்றாள். அதில் நல்ல மார்க் வந்தால்தான் அவள் ஆசைப்பட்ட வெளிநாட்டுக் காலேஜில் இடம். நாகர்கோவிலுக்குத் துணைக்குப் போனேன். (துணைக்கு மட்டும். கடையில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு நாக்கு எழாது.)

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மங்கின திரை. மற்றது பளபளவென்று கலர் திரை. ஜெனி மங்கினதை எடுத்தாள்.

எனக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வித்தை மீன் வாங்குவது. கண் தெளிவாக இருக்கவேண்டும், அமுக்கினால் குழியக்கூடாது, தூக்கினால் கனம் தெரியவேண்டும். அந்தக் கை சும்மா இருக்குமா? இரண்டையும் தூக்கிப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன். (செவுளைத் தேடினேன் என்று தம்பி சொல்லிக்கொண்டு திரிவது பொய். பாட்டரி மூடியைத்தான் திறந்தேன்.)

"ஏட்டி, இது கண்ணு செத்த மீனு மாதிரி கெடக்கு. அத எடு மக்கா."

"டீச்சர் இதத்தான் சொன்னாங்க அத்தே."

கடைக்காரர் கலர் திரையைத் தட்டிக் காட்டினார். "அம்மா சொல்லுததும் செரிதான். இதுல கணக்க அடிச்சா போதும், எக்ஸு ஒய்யி எல்லாம் அதுவே பிரிச்சு விடை சொல்லிரும்."

"கேட்டியா? ஒனக்கெதுக்கு மண்ட ஒடைச்சல்?"

"டீச்சர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"நல்லத வாங்கிட்டுப் போனா யாரு மக்கா வேண்டாம்னு சொல்லுவா?"

நான் இவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை. என் முகத்தையே பார்த்தாள். மங்கினதைக் கீழே வைத்துவிட்டாள்.

பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசலில் ஜெபமாலையோடு நின்றேன். வெளியே வந்தவளின் கண் சிவந்திருந்தது.

"ஹால் வாசல்லயே வாங்கி வச்சிட்டாங்க அத்தே. அல்ஜீப்ராவ தானா செய்யுறத உள்ள விடமாட்டாங்களாம்."

மற்றப் பிள்ளைகள் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்க, என் பிள்ளை அத்தனை கோட்டையும் கையால் வரைந்திருக்கிறாள். பாதியில் மணி அடித்துவிட்டது.

"அத்த வாங்கித் தந்ததுன்னு சொன்னியா மக்கா?" என்று கேட்டேன். (சொன்னால் விட்டிருப்பார்களாக்கும்!)

அந்தக் காலேஜ் கிடைக்கவில்லை. இப்போது கோயம்புத்தூரில் வேறு ஏதோ படிக்கிறாள்.

வீட்டில் இது வேடிக்கையாகிவிட்டது. சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், மாப்பிள்ளை இரண்டு மூன்று பட்டம் வாங்கியவன் என்றால் தம்பி போனிலேயே கூவுவான்: "அக்கா, இவன் ரெம்ப அறிவாளி. உள்ள விடமாட்டாவ!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். ஜெனி இருந்தால் அவளும் சிரிப்பாள்.

'நான் அன்றைக்கே சொன்னேனே அத்தே' என்று மட்டும் அவள் இதுவரை சொன்னதில்லை. ஒரு தடவை சொல்லித் தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.