உத்திரம் கண்ட பாறைப் பண்டிதர்

பாறைப் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் யூட்டாவில் எங்கள் சிவப்புப் பள்ளத்தாக்குகளில் பல்லியைவிட அதிகமாகத் திரிவது இதுதான். முதுகில் ஆளுயர மூட்டை, கழுத்தில் பூதக்கண்ணாடி, இடுப்பில் சுத்தியல், தலைக்குள் போன வாரம் படித்த ஒரே ஒரு புத்தகம். வழிகாட்ட என்னைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்கே வழி சொல்வார். கல்லைக் கண்டால் நக்குவார். நாக்கில் ஒட்டினால் கல்லாய்ப்போன எலும்பாம். பழைய பானை ஓடு கிடந்தால், "யாரும் தொடாதீங்க!" என்று கத்துவார். முதலில் தொடுவது யார்? அவர்தான். பாறைச் சுவரைக் காட்டி, இருபது கோடி வருஷத்து மணல் என்பார், ஏதோ பக்கத்தில் நின்று கொட்டினவர் மாதிரி.

போன ஆகஸ்டில் வந்தவர் நார்பர்ட், டென்வரில் பல் டாக்டர். கூடவே மனைவி லோர்னா. ஜீப் திரும்ப முடியாத இடுக்கில், ஈர மணலில், மத்தியானமே கூடாரத்தை விரித்தார்.

"இங்க வேணாம் டாக்டர். காலையில இறங்கறப்ப வடக்க கருத்திருந்துச்சு. மேல அந்தத் திட்டுக்குப் போயிரலாம்."

"தலைக்கு மேல பாருய்யா வெர்ல். பொட்டு மேகம் இருக்கா?"

மேகம் இல்லைதான். ஆனால் முப்பதடி உயரத்தில், இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு முழு மரம் குறுக்கே செருகிக் கிடந்தது. அதைக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அடடா, உத்திரம்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க கூரை போட்டுக் குடியிருந்திருக்காங்க!" நோட்டை எடுத்து வரைய உட்கார்ந்துவிட்டார்.

"அதுல முள்கம்பி சுத்தியிருக்கே, அப்பவே வேலி போட்டாங்களா?" என்றார் லோர்னா.

"அது பிற்காலச் சேர்க்கை."

அந்த அம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டுக்கு ஏறினார். படத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்ற டாக்டரைக் காலரைப் பிடித்து நான் ஏற்றினேன். பாதி ஏறும்போது ஈரமண் வாசனை வந்தது, பிறகு காற்று, பிறகு லாரி வருகிற மாதிரி ஓர் உறுமல். அவருடைய கடைசிக் காலை மேலே இழுக்கவும் சிவந்த வெள்ளம் சுவர் மாதிரி வந்து மோதவும் சரியாக இருந்தது. கூடாரம் போயிற்று. சுத்தியல் போயிற்று. புத்தகமும் போயிற்று. உருண்டு வந்த இன்னொரு மரம், பழையதற்கு ஒரு முழம் கீழே போய்ச் செருகி நின்றது.

"நார்பர்ட், இன்னொரு மாடி கட்டுறாங்க பாரு" என்றார் லோர்னா.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என் தோளைத் தட்டி, "வெர்ல், இந்த வெள்ளம் எப்படி வருதுன்னு சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? மரம் எப்படி அங்கே போனதென்று உங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டதா? பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கக் கையைத் தூக்கிவிட்டீர்களா? அப்படியானால் தயவுசெய்து, வாயைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் தலைக்கு மேலே என்ன செருகியிருக்கிறதென்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.