ஒன்பது பேர், பத்துக் கை

என்னால் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது. இருபத்தாறு வயது வரை இதைப் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் பயம்தான் என்று புரிந்த இடம், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் கழிப்பறை.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பேரூராட்சி. (ஊர்ப் பெயர் வேண்டாமே. இன்னும் அங்கேதான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறேன்.) மொத்தம் பதினைந்து வார்டு. அந்தத் தேர்தலில் எங்கள் கட்சிக்கு ஒன்பது, எதிர்க்கட்சிக்கு ஆறு. ஒன்பதில் அடியேனும் ஒருவன். ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்பது பேரும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் தலைவர் நாற்காலிக்கு இரண்டு பேர் துண்டு போட்டார்கள். ஒருவர் என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. இன்னொருவர் என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான். ஆளுக்கு மூன்று கவுன்சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களையும் சேர்த்தால் நாலுக்கு நாலு. மிச்சம் இருந்த ஒரே ஜீவன் நான்.

மாமா தன் ஆட்களைச் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜுக்குக் கொண்டுபோனார். மச்சான் தன் ஆட்களைத் திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்தில் அடைத்தார். நான் இரண்டு முகாமிலும் இருந்தேன். காலை டிபன் சிதம்பரத்தில், மதியச் சாப்பாடு திருப்பாதிரிப்புலியூரில். ‘கடையில் பேப்பர் லோடு இறங்குது, பார்த்துட்டு வந்துடறேன்’ என்று இரண்டு இடத்திலும் ஒரே பொய். அந்த ஒரு வாரத்தில் என் கடைக்கு இறங்கிய பேப்பரில் தமிழ்நாடு முழுவதும் பரீட்சை நடத்தியிருக்கலாம்.

லாட்ஜில் மாமா என் காதைப் பிடித்துத் திருகினார்.

“எம் மடியில உக்கார வச்சுதான்டா இதுல ஓட்டை போட்டாங்க. நீ அழுத அழுகைக்கு என் வேட்டியெல்லாம் ஈரம். அத மறந்துட்டு அவனுக்குப் போயி கை தூக்குவியா?”

“சேச்சே, என்னா மாமா நீங்க, உங்களுக்குத்தான்” என்றேன்.

மண்டபத்தில் மச்சான் சாம்பார் வாளியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன் மச்சான். மொறைப்படி உன் மடியிலதான் உக்காரணும். ஆனா நீ எனக்குக் கை தூக்கலன்னு வையி, வேற மடி பாத்துக்குவேன். எங்க வூட்ல மடிக்கு ஒண்ணும் பஞ்சமில்ல.”

“அய்யோ மச்சான், உங்களுக்குத்தான்” என்றேன்.

இங்கே கொஞ்சம் சீரியஸாகப் பேச வேண்டும். அக்கா பெண்ணுக்கு அப்போது பதினோரு மாதம். என் சட்டைப் பையில் இருக்கும் பேனாவைப் பிடுங்கி வாயில் வைப்பதற்காகவே என்னைப் பார்த்ததும் தாவுவாள். அவளை வேறொருவன் மடியில் வைத்துக் காது குத்த, நான் கூட்டத்தில் நின்று எட்டிப் பார்ப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதே சமயம், மாமாவுக்கு எதிராகக் கை தூக்கிவிட்டு அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது? அவர் மச்சானோடு பேசியே மூன்று மாதம் ஆகிவிட்டது. அக்கா இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தினமும் போனில் எனக்கு அழுதுகொண்டிருந்தாள்.

தலைவர் தேர்தல் அன்று காலை, கட்சித் தலைமை ஒரு பார்வையாளரை அனுப்பியது. வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, ஓய்வுபெற்ற வாத்தியார். ஒன்பது பேரையும் மண்டபத்துக்கு வரவழைத்தார். முதல் வேலையாகச் செல்போன்களை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு பேரும் நின்னீங்கன்னா ஓட்டுப் பிரியும். ஆறு பேரை வச்சிருக்கிறவன் சேர்மனாயிட்டுப் போயிடுவான். இங்கயே ஒருத்தரை முடிவு பண்ணுங்க. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு பின்னால பகை வேணாம். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுக் கை தூக்குங்க, நான் மட்டும் எண்ணிக்கிறேன்.”

பார்வையாளர் முதலில் மாமா பெயரைச் சொன்னார். என் கை மேலே போனது.

மச்சான் பெயரைச் சொன்னார். கையை உயர்த்தாவிட்டால் நாலுக்கு அஞ்சு என்று அறிவிப்பார்கள். அந்த ஐந்தாவது கை எங்கே போனது என்று மச்சானுக்குத் தெரியாதா? என் கை மறுபடியும் போனது. (கண்ணை மட்டும் ஒழுங்காக மூடியிருந்தேன்.)

பிறகு பார்வையாளர் குரல் கேட்டது.

“அவருக்கு அஞ்சு. இவருக்கும் அஞ்சு. ஏம்ப்பா, நீங்க மொத்தம் எத்தினி பேரு?”

“ஒம்பது சார்.”

மறுபடி எண்ணினார். மறுபடியும் பத்து. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவராம், பாவம்.

“கண்ணைத் தொறங்க. இவருக்குப் போட்டவங்க இந்தப் பக்கம், அவருக்குப் போட்டவங்க அந்தப் பக்கம் போயி நில்லுங்க.”

நாலு பேர் இந்தப் பக்கம். நாலு பேர் அந்தப் பக்கம். நடுவில் நான். எட்டு ஜோடிக் கண்கள் என்னையே பார்த்தன. “ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்” என்று ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அந்த ஒரு நிமிஷம் அரைமணி நேரமாகியும் நான் வெளியே வரவில்லை. முதலில் மாமா கதவைத் தட்டினார். “டேய், யோக்கியனா இருந்தா வெளிய வாடா!” யோக்கியனாக இல்லாததால் உள்ளேயே இருந்தேன். பிறகு மச்சான் தட்டினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தட்டினார்கள். கை வலித்துப்போய் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

“சின்னதுலேர்ந்தே இவன் இப்படித்தான்” என்றார் மாமா. “தீபாவளிக்குச் செவப்புச் சட்டை வேணுமா பச்சை வேணுமான்னா, சரி மாமான்னு சொல்லுவான்.”

மச்சான் சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் மாமா பேச்சுக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“காதுகுத்துன்னு ஊரே பேசுது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல நீ.”

“சொல்றதுக்குத்தான் வூட்டுக்கு வந்தேன் மாமா. நீங்க லாட்ஜுல இருந்தீங்க.”

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கொழந்தைய யாரு மடியில வைக்கிறீங்க?”

“இந்தக் கதவுக்குப் பின்னால இருக்கானே, இவன் மடியிலதான். வேற யாரு இருக்கா? சும்மா மெரட்டி வச்சேன். அழுவுறானோ என்னமோ உள்ள.”

ஆமாம், அழுதுகொண்டுதான் இருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

“நீங்களே சேர்மனா இருங்க மாமா” என்றார் மச்சான். “எனக்கு வைஸ் போதும். பாதியில மாத்திக்கலாம்.” (பாதி வந்தது, போனது. இன்றுவரை மாற்றவில்லை. அது தனிக் கதை.)

வெளியே கைதட்டல். நானும் மகிழ்ச்சியோடு தாழ்ப்பாளைத் திறக்கப் போனேன். அப்போது பார்வையாளர் கேட்டார்:

“பதினஞ்சுல எட்டு இருந்தா ஜெயிச்சிடலாம்ல? இவனைக் கூட்டிட்டுப் போனா அங்கயும் ரெண்டு பேருக்கும் குத்துவான். அதுல ஒருத்தன் எதிர்க்கட்சிக்காரனா இருப்பான். வெளிய கொண்டியைப் போடுங்க.”

போட்டது மச்சானா மாமாவா என்று இன்றுவரை இருவரும் ஒருவரையொருவர் கை காட்டுகிறார்கள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒன்பது பேர் கொண்ட எங்கள் கட்சி எட்டு ஓட்டில் ஜெயித்தது. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் வெற்றிப் புகைப்படத்தில் நான் கிடையாது.

மதியம் மண்டபம் பெருக்க வந்த அம்மாதான் கொண்டியை எடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, கல்யாணம் புடிக்கலயா?” என்றார்.

அடுத்த வாரம் காதுகுத்து. பாப்பா என் மடியில் உட்கார்ந்து, என் பேனாவைக் கடித்தபடியே ஊரே கேட்க அலறினாள். என் வேட்டி முழுக்க ஈரம். அக்கா ஒரு பக்கம் மாமாவையும் ஒரு பக்கம் மச்சானையும் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னாள். எனக்கு அவளைவிட அதிகமாகக் கண் கலங்கியது.

இப்போது பாப்பா யு.கே.ஜி. போன வாரம் அவளுடைய மிஸ் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்களாம். ஆண்டு விழாவுக்குப் பாட்டுக்கு யார், டான்ஸுக்கு யார் என்று கை தூக்கச் சொன்னால் இவள் இரண்டுக்கும் தூக்குகிறாளாம். ஒன்றைச் சொல் என்றால் பாத்ரூம் போகணும் என்கிறாளாம்.

அக்கா வீட்டுக்கு வந்து சொன்னதும் மச்சான் என்னை முறைத்தார்.

“மடி ராசி. அன்னிக்கே வேற மடி பாத்திருக்கணும்.”

சோபாவில் சாய்ந்திருந்த மாமா விட்டுக்கொடுக்கவில்லை. “எங்கக்கா பையன் மடிக்கு என்னடா கொறை?”

“அதான் மாமா நானும் சொல்றேன்” என்றார் மச்சான். “இவன் காதுகுத்துக்கு உக்காந்தது யாரு மடி?”