ஒன்பதாம் நாளுக்கு ஒரு பாலிசி

“நம்ம பொண்ணுக்குன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க,” என்று பொன்னியம்மாள் கேட் வரைக்கும் வந்து இன்னொரு தடவை சொன்னாள். “யாரோ ஒருத்தருக்குன்னு கேளுங்க.”

சுப்பராயலு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார். “யாரோ ஒருத்தருக்கு நீ ஏன் இந்த வெயில்ல அலையறேன்னு அவன் கேப்பானே?”

“கேட்டா எதையாவது சொல்லி வைங்க. அஞ்சாம் மாசம் பொறக்கற வரைக்கும் வெளியில தெரியக் கூடாது. கண்ணு பட்டுடும்.”

விஷயம் இதுதான். மகள் வினிதாவுக்கு நெதர்லாந்து விசா வந்த அதே வாரத்தில், அவள் உண்டாகியிருக்கிற செய்தியும் வந்தது. அங்கே வேலையிலிருக்கும் மாப்பிள்ளை முகிலன், சந்தோஷத்தில் மறுநாளே டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான். பொன்னியம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். இல்ல, அங்கதான்னா, அந்த ஊர்ல இவளை யார் பாத்துப்பா, வைத்தியத்துக்கு யார் பொறுப்பு? அதைக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் அனுப்பறதைப் பத்திப் பேசலாம்.”

வினிதா அம்மா சம்மதமில்லாமல் விமானம் ஏற மாட்டாள். ஏறாவிட்டால் முகிலன் தன் குழந்தையை முதலில் போனில்தான் பார்ப்பான். குழந்தைக்குப் பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுத்து அங்கே போய்ச் சேரும்போது அது நடக்கவே ஆரம்பித்திருக்கும். இதை நினைத்துக்கொண்டுதான் சுப்பராயலு மேடவாக்கம் கூட்டு ரோட்டில் இருந்த ஜெயவேலுவின் இன்சூரன்ஸ் ஆபீஸ் படியேறினார்.

“வாங்க சார். வண்டிக்கா?”

“இல்லப்பா. ஒரு பொண்ணு வெளிநாடு போவுது. மாசமா இருக்குது. அதுக்குப் பாலிசி கிடைக்குமா?”

“யாரு சார் பொண்ணு?”

“ஒரு பிரண்டோட மருமக.”

“பிரண்டு பேரு?”

“பேரெல்லாம் எதுக்குப்பா?”

“பேர் போடாம கம்ப்யூட்டர்ல அடுத்த பக்கமே வராது சார்.”

சுப்பராயலு மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறி உதவவில்லை. “கோதண்டம். அஸ்தினாபுரம்,” என்றார்.

மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்த மீன்காரி கன்னியம்மா தலையைத் தூக்கினாள். பின் தெருவில் குடியிருப்பவள். மேடவாக்கத்தில் ஆரம்பித்து அஸ்தினாபுரம் வரைக்கும் அவள் கூடை போகாத வீடு கிடையாது. சுப்பராயலு அவளைக் கவனிக்கவில்லை.

“மாசமானதுக்கு அப்புறம் பாலிசியா?” என்று ஜெயவேலு சிரித்தான். “ஒரு கம்பெனியும் கிட்டக்க வராது சார். முன்னாடியே போட்டிருக்கணும். போட்டாலும் ரெண்டு மூணு வருஷம் பொறுத்துத்தான் பிரசவத்துக்குக் குடுப்பாங்க.”

“அந்த ஊர்லயும் அப்படியா?”

“ஊர் எதுவானா என்ன சார், கம்பெனி புத்தி ஒண்ணுதானே.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் பொன்னியம்மாள், “நான் சொல்லல?” என்றாள்.

நாவலூர் ஆபீசிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த வினிதா, பையைக்கூட வைக்காமல், “அம்மா, அவர் சொன்னது இந்த ஊர் கதைம்மா. அங்க வேற,” என்றாள்.

“அங்க என்னன்னு தெரிஞ்ச மனுஷன் வாயால சொல்லட்டும். முகிலன் சொல்றது கணக்குல சேராது. அவருக்கு நீ வந்து சேர்ந்தாப் போதும்.”

ஆகவே மறுநாள் தாம்பரம். ஸ்டேஷன் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு யோசனை சொல்கிற ஆபீஸ் ஒன்று.

“மெதுவாவே வாங்க,” என்று பொன்னியம்மாள் வழியனுப்பினாள். “நல்லா விசாரிச்சுட்டு சாயங்காலமா வந்தாப் போதும்.”

அங்கே இருந்த பெண்ணின் பெயர் எப்சி. பொறுமைசாலி. ஒருமுறை கோதண்டத்தின் மருமகளானவள் இனி கோதண்டத்தின் மருமகள்தான் என்று சுப்பராயலு அதே கதையைச் சொன்னார்.

“கவலையே படாதீங்க அங்கிள். அந்த நாட்டுல குடியேறினவங்க எல்லாரும் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும். கம்பெனியும் முடியாதுன்னு சொல்லக் கூடாது. மாசமா இருந்தாலும் சேர்த்துக்கணும். பிரசவமும் அதுலயே அடக்கம்.”

சுப்பராயலுவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“இன்னும் இருக்கு அங்கிள். இஷ்டப்பட்டா வீட்டுலயே பிரசவம் பாப்பாங்க. அதுக்குப் படிச்ச மருத்துவச்சி ஒருத்தங்க வருவாங்க. சில பேர் சைக்கிள்ல.”

“சைக்கிள்லயா?”

“ஆஸ்பத்திரியில பெத்தாலும், எல்லாம் நல்லபடியா இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் ஒரு நர்சு தினமும் வீட்டுக்கே வந்து, எட்டு நாள் வரைக்கும் தாயையும் பிள்ளையையும் பாத்துக்குவாங்க. வீட்டு வேலையும் கொஞ்சம் செய்வாங்க. அதுவும் இன்சூரன்ஸ்தான்.”

இவ்வளவு நல்ல செய்தியை சுப்பராயலு வாழ்க்கையில் சுமந்து வந்ததில்லை. வீட்டில் அதை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பொன்னியம்மாள் மோவாயில் கை வைத்துக் கேட்டாள்.

“பெத்தவளை அன்னைக்கே எழுப்பி வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?”

“அனுப்புவாங்களாம்.”

“அந்த நர்சு பாத்திரம் தேய்ப்பாளா?”

“தேய்ப்பாளாம்.”

“பிள்ளையைக் கால்ல போட்டுத் தண்ணி ஊத்துவாளா?”

“அவங்க முறைப்படி ஊத்துவாங்க.”

“அங்க பூண்டு கிடைக்குமா? சுக்கு? குளிர்ல கால் வெடிக்குமா? பஸ்சுல ஏறினா எங்க இறங்கணும்னு உள்ளயே எழுதிப் போடுவாங்களா?”

“பிரசவத்துக்கும் பஸ்சுக்கும் என்னடி சம்பந்தம்?”

“தெரிஞ்சுக்கக் கூடாதா?” என்றாள். பிறகு, “எட்டு நாள் சரி. ஒன்பதாம் நாள்?”

சுப்பராயலு எப்சிக்குப் போன் போட்டார். எப்சி யோசித்துவிட்டு, “ஒன்பதாம் நாளுக்குப் பாலிசி இல்லை அங்கிள். அதெல்லாம் வீட்டு மனுஷங்கதான்,” என்றாள்.

“வீட்டு மனுஷங்க,” என்று பொன்னியம்மாள் திருப்பிச் சொன்னாள். முகிலனுக்கு அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஸ்தினாபுரத்து நண்பர் கோதண்டமே வந்து இறங்கினார். வண்டியில் பின்னால் அவர் பிள்ளை ஹேமநாத். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தான்.

“சுப்பராயலு, நீயே கேளு இவனை. என்னாண்ட வாயைத் திறக்க மாட்டேங்கறான்.”

“எதைக் கேக்கணும்?”

“எவளைக் கட்டிக்கினான்னு கேளு. எத்தினி மாசம்னு கேளு. எந்த நாட்டுக்கு ஓடப் போறாங்கன்னு கேளு.”

“அப்பா, நான் யாரையும் கட்டிக்கல,” என்றது ஹெல்மெட்.

“கட்டிக்காமயாடா? அது இன்னும் மோசம்டா.”

சுப்பராயலு நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். “உனக்கு யாருப்பா சொன்னது?”

“கன்னியம்மா மீன் கொண்டாந்தப்ப எங்க வூட்டு குப்பம்மாவாண்ட சொல்லிச்சு. எம் மருமவ முழுகாம கீறாளாம், ஜெயவேலு ஆபீஸ்ல கம்ப்யூட்டர்லயே ஏத்திட்டானாம். எனக்கு ஏதுய்யா மருமவ? வர்ற வாரம் கூடுவாஞ்சேரியில இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க இவனைப் பாக்க வர்றாங்க. அவங்க காதுல விழுந்தா இன்னா ஆவும்? ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம ஒரே பேஜாரா கீது.”

சுப்பராயலு அடுக்களைப் பக்கம் பார்த்தார். கரண்டியும் கையுமாகப் பொன்னியம்மாள் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரையே பார்த்தன.

“கோதண்டம், அது உன் மருமக இல்ல. என் பொண்ணு,” என்றார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கரண்டிக்காகக் காத்திருந்தார். பொன்னியம்மாளோ, “ஹேமநாத், ஹெல்மெட்டைக் கழட்டுப்பா. காபி எடுத்தாரேன்,” என்று உள்ளே போனாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு, “உனக்குக் கோவம் வரலயா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு எதையும் மறைக்க வராதுன்னு கட்டிக்கிட்ட நாள்லேந்து தெரியும். தெரிஞ்சும் உங்ககிட்ட சொன்னது என் தப்பு.”

சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. பிள்ளை மேலிருந்த பழி நீங்கிய சந்தோஷத்தில் கோதண்டத்தின் மனைவி குப்பம்மாவும் அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு பை மாங்காயோடு வந்தாள். மாடி வீட்டு உதயா, அந்த ஊரில் குழந்தை ராத்திரி அழுதால் போலீஸ் வருமாமே என்று கேட்டாள். தண்ணீர் லாரிக்காரர் தொட்டியில் குழாயைப் போட்டுவிட்டு, “இன்சூரன்ஸ் கீதுன்னுதான் சார் சொல்லுவானுங்க. போனப்புறம் நம்ம தலைவலிக்கு மட்டும் இல்லம்பானுங்க,” என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவர் போகும்போதும் வினிதாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அடுத்த பத்துப் பதினைந்து நாளும் சுப்பராயலு ஒன்பதாம் நாளுக்கு ஆள் தேடி அலைந்தார். எப்சியிடம் போனார். நெதர்லாந்தில் யாருக்கோ அக்கா பெண் இருக்கிறாள் என்று பல்லாவரம் போனார். அவள் இருந்தது நார்வேயில். பொன்னியம்மாள் ஒரு நாளும் அவரை நிறுத்தவில்லை. சாப்பாட்டைக்கூட டப்பாவில் கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

கடைசியில் அவருக்கே ஒரு வழி தோன்றியது. “மாப்பிள்ளை இருக்காரே. அவருக்கு லீவு தருவாங்களாம். அவர் பாத்துக்க மாட்டாரா?”

அன்றைக்கே முகிலன் வீடியோவில் வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

“நான் பாத்துக்கறேன் அத்தை. ரசம் வைக்கக் கத்துக்கிட்டேன். பூண்டுக் குழம்பும் வரும்.”

“பிள்ளையைக் குளிப்பாட்ட வருமா?”

“வீடியோ பாத்துப் பழகிட்டேன்.”

“எங்க, செஞ்சு காட்டுங்க.”

பழக பொம்மை கிடைக்காததால் முகிலன் ஒரு பரங்கிக்காய் வாங்கி வைத்திருந்தான். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி அதைக் கிடத்தினான். எண்ணெய் தடவினான்.

“கழுத்தைப் பிடிங்க,” என்றாள் பொன்னியம்மாள்.

“இதுக்குக் கழுத்து எது அத்தை?”

“காம்புப் பக்கம்.”

முகிலன் காம்பைப் பிடித்துத் திருப்பிப் போட்டான். எண்ணெய்ப் பரங்கிக்காய் வழுக்கி, தொடையிலிருந்து தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் மோதிப் பிளந்தது. அந்தப் பக்கம் முகிலன் வாயைத் திறந்தபடி இருந்தான்.

“நான் போகல,” என்றாள் வினிதா.

“வினி, அது வெறும் பரங்கிக்காய்டி,” என்றான் முகிலன்.

“தெரியும். எனக்கு பயமா இருக்கு. நான் இங்கயே பெத்துக்கறேன். அப்பா, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க.”

முகிலன் தலையைக் குனிந்துகொண்டான். போனில் அவனுடைய உச்சி மண்டை மட்டும் தெரிந்தது. சுப்பராயலுவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தன் போனை எடுத்து டிக்கெட்டைத் தேடினார்.

“ரெண்டு நாள் கழிச்சுப் பண்ணலாமே,” என்றாள் பொன்னியம்மாள்.

“எதுக்கு? நீ கேட்டதுதானே நடக்குது?”

“ரெண்டு நாள் பொறுங்கன்னா பொறுங்களேன்.”

“பொறுத்தா பாதிப் பணம் போயிடும்டி.”

“போனாப் போகட்டும்.”

பால்காரனிடம் எட்டணா விடாதவள் இப்படிச் சொன்னதை அவர் வியந்து பார்த்தார். ஒருவேளை அவளுக்கும் மனசு கேட்கவில்லையோ என்று நினைத்தார். ஆனாலும் மகள் சொல்லிவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேன்சல் என்று இருந்த இடத்துக்கு நேரே விரலைக் கொண்டு போனார்.

அப்போது கேட் திறந்தது. கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில், உள்ளே பார்த்துச் சொன்னாள்:

“பொன்னிக்கா, உன் பாஸ்போர்ட்டு வந்துச்சா? போன வாரம் போலீஸ்காரரு விசாரிக்க வந்தப்ப உனக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டதை யாராண்டயும் சொல்லலக்கா, உன் வூட்டுக்காரராண்ட கூட.”